நூற்றைம்பது

ஐஸ் பேக்டரி கணக்கு ரூமில்
பழைய மானிட்டரை உப்புக்காற்று தின்று
ஒரு செவ்வாய்க்கிழமை ஊதாவாகிச் செத்தது.
ரிச்சி தெருவிலிருந்து இம்தியாஸ்
பைக்கில் கட்டிக் கொண்டுவந்தான் புதுசை.
இருபத்தேழு அங்குலம்.
பாலிதீன் உரித்துவிட்டு
"ஷோக்கா கீதுல்லக்கா?" என்றான்.
ஷோக்காகத்தான் இருந்தது.
எழுத்துகள் மட்டும்
காசிமேட்டு ரோட்டோரம் காயப்போட்ட சென்னாக்குனி.

யாரிடமும் சொல்லவில்லை.
நாற்பத்து நாலு வயதில் 'கண்ணு தெரியல' என்பது
இங்கே ராஜினாமா கடிதத்தின் முதல் வரி.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த
வரதம்மாவிடம் ஒரு நாள்
"ரெஸ்ட் எடும்மா" என்றார்கள்,
ரொம்ப அன்பாக.

அதனால்
போனில் திரையைப் படம் பிடித்து
இரண்டு விரலால் விரித்து
எட்டா மூன்றா என்று பார்த்து
அப்புறம் தட்டினேன்.
பத்து நாள்.
கழுத்துக்குத் தைலம்.

முதலாளி பேங்குக்குப் போன ஒரு மத்தியானம்
வெறும் திரையில் வலது கிளிக்.
எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தையும்
அதே பொடி எழுத்தில்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.
மூக்கு கண்ணாடியில் இடித்தது.
முதலில் தப்பான ஒன்றைத் தொட்டுவிட்டேன்:
எல்லாம் உப்பி, ஓரம் கலங்கி
டீயில் ஊறிய பொறை.
'இப்படியே வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டுவிட்டு
பதினைந்திலிருந்து பின்னால் எண்ணியது.
மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.
பூஜ்யத்தில் அதுவே மன்னித்தது.

இன்னும் கீழே, அளவு.
நூறு.
நூற்றிருபத்தைந்து.
நூற்றைம்பது.

அடேயப்பா.
டீசல் டீசலாக இருந்தது.
எட்டுக்கு இடுப்பு இருந்தது.
கடைசிக் கட்டம் வலது பக்கம் வெளியே போயிற்று,
போகட்டும், தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் கம்பி வலைக்கு அந்தப்பக்கம்
தேசிங்கு, அட்வான்ஸுக்கு.
ஆறு வருஷமாக அதே இடத்தில் நிற்கிற ஆள்.
என் தோளுக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு வெளிச்சம்.
அன்றைக்கு வாய் மெல்ல அசைந்தது.
"ஐஸு… எம்பது பார்?
எம்மா, தை மாசம் நா முப்பதுதான தூக்குனேன்?"

என் விரலா, என் கண்ணா என்று
வயிறு கலங்கியது.
ஆனால் தையில் பழைய மானிட்டர்,
தையில் எனக்கு எல்லாம் தெரிந்தது.
ஊசியில் குத்திவைத்த சீட்டுகளை உருவி
அந்த ஒன்றை எடுத்தேன்.
எண்பதுதான்.
போனில் விரித்தேன், கை பழகியிருந்தது.
நீல மையில் ஒரு மூன்று.
அதன் இரண்டு வாயையும்
கறுப்பு மை மூடியிருந்தது.

தேசிங்கிடம் போனை நீட்டினேனா என்று கேட்காதீர்கள்.
திரையை இப்படித் திருப்பி வைத்தது மட்டும் நான்;
ஜன்னல் கூசியது.

வெள்ளிக்கிழமை வலைக்கு வெளியே நாலு பேர்.
ஒருவர் பையனையும் கூட்டி வந்திருந்தார்,
பெருக்கலுக்கு.
முதலாளி உள்ளே வந்து பார்த்தார்.
"இன்னாம்மா இது, போஸ்டர் ஒட்டுன மாதிரி?
ரோட்டுல போறவன்லாம் படிக்கிறான். சின்னதாக்கு."

"கண்ணு தெரியல சார்," என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன்,
எவ்வளவு உரக்கச் சொல்லியிருக்கிறேன் என்று.
அவர் என்னைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார்.
ஊசியில் ஒரு சீட்டு குறைந்தது
அவருக்குத் தெரிந்ததா, தெரியாது.
'ரெஸ்ட் எடும்மா' என்று சொல்லவில்லை,
இன்றுவரை.

தண்டையார்பேட்டை கேம்ப்பில்
கண்ணாடி வாங்கிவிட்டேன், நூற்றெண்பது ரூபாய்.
ஆபீஸ் வாசலில் கழற்றிப் பைக்குள் போடுவேன்.
சாயங்காலம் எண்ணூர் பஸ்ஸில் ஏறியதும்
மாட்டிக்கொண்டு
டிக்கெட்டின் பொடி எழுத்தை
ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.